சபையை விட்டால் விசுவாசமும் போய்விடுமா? மகள் திடப்படுத்தல் வேண்டாம் என்கிறாள்

பனங்கிழங்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை, டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடுவது என்று கோயிலோடு வளர்ந்தவள் நான். இப்போது சென்னையில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. இந்த வருஷம் திடப்படுத்தல் (குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு) வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், மகள் மாட்டேன் என்கிறாள். அடம்பிடித்துச் சொல்கிற மாட்டேன் இல்லை. "பேராயர் முன்னால் நின்று இதையெல்லாம் விசுவாசிக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அப்புறம் எப்படிம்மா சொல்வது" என்று கேட்கிறாள். ஆராதனையில் எல்லோரும் சொல்கிற விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பென்சிலால் குறித்திருக்கிறாள். "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்ற வரிக்குச் சரி போட்டிருக்கிறாள், அது சரித்திரமாம். கன்னிமரியாள் வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. "பரிசுத்த பொதுவான சபையும்" என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்தே விட்டாள்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது, சொந்த ஊரில் தன் அம்மா பக்கத்தில் அடக்கம் பண்ண வேண்டும் என்ற அவருடைய ஆசைப்படி ஊருக்குக் கொண்டுபோனோம். கல்லறைத் தோட்டத்துச் சாவி கமிட்டிக்காரர் ஒருவரிடம் இருந்தது. சங்கக் காணிக்கை, அதாவது சபை உறுப்பினர் சந்தா, பல வருஷம் பாக்கி இருக்கிறது, கட்டி ரசீது காட்டினால்தான் குழி வெட்டலாம் என்றார்கள். பணம் பெரிதில்லை, அண்ணன் அங்கேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கார்பன் தாளைத் தேடி எடுத்து வைத்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாக ரசீது எழுதி முடிக்கிற வரைக்கும் எல்லோரும் வெயிலில் நின்றோம். மகளும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோயில் மதிலுக்குக் கல்லும் சிமெண்டும் வாங்கிக் கொடுத்தவர் அப்பா. சபைத் தேர்தலில் எதிர் அணிக்கு வேலை பார்த்தார் என்று சபை வாக்காளர் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் அவர் காணிக்கை கட்டுவதை நிறுத்தினார். இது அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அதிலிருந்து நான் கோயிலுக்குப் போவது குறைந்து, நின்றே போனது. கிறிஸ்துமஸுக்குக்கூடப் போவதில்லை. ஆனால் ஜெபம் பண்ணாமல் ஒரு ராத்திரியும் படுத்ததில்லை, இதுதான் எனக்கே விளங்காத இடம். 23ஆம் சங்கீதம் தானாக வாயில் வருகிறது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் போகவே இல்லை. மத்தேயு 6இல் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் பண்ணத்தானே சொல்லியிருக்கிறது, அது போதாதா என்று நான் கேட்டால், அம்மா உடனே எபிரெயர் 10:25ஐ எடுக்கிறார்கள், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று. கோயிலை விட்டவர்கள் வீட்டில் ஒரு தலைமுறை தாண்டி விசுவாசம் நிற்காது என்பது அம்மாவின் பயம். சொல்லிவிட்டு அழுகிறார்கள், எனக்குத் தாங்கவில்லை.

என் கேள்வி இரண்டு. அமைப்பு எதுவும் இல்லாமல், தனியாக ஒரு மனுஷியின் விசுவாசம் நிலைக்குமா? மகளை எப்படியாவது சமாதானப்படுத்தி வகுப்புக்கு அனுப்புவதா, விட்டுவிடுவதா? நம்பிக்கை உள்ளவர்கள், இல்லாதவர்கள், எந்த மதத்துக்காரராக இருந்தாலும் சொல்லுங்கள்.

---

சாந்தோம்அலை:

வகுப்புக்கு அனுப்பி முடித்துவிடுங்கள் சகோதரி. இரண்டு மூன்று மாத வேலைதான். நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது திடப்படுத்தல் ஆகியிருக்கிறதா, எந்தச் சபை, கடிதம் எங்கே என்று கேட்பார்கள், அப்போது ஓடி அலைய வேண்டியிருக்கும். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் பேசும். வெள்ளை உடை போட்டுக்கொண்டு தோழிகளோடு நின்றால் சந்தோஷமாகிவிடுவாள். அம்மாவின் வயதையும் பாருங்கள்.

---

நொய்யல்கரை:

அக்கா, நான் கடவுள் மறுப்பாளன். அப்பா திராவிடர் கழகத்தில் இருந்தவர், அப்பா அம்மா கல்யாணமே சுயமரியாதைத் திருமணம். அப்படிப்பட்ட நான் உங்கள் ராத்திரி ஜெபத்தை விடச் சொல்வேன் என்று நினைக்காதீர்கள். அதில் யாருக்கும் கேடு இல்லை, யாரும் உங்களிடம் ரசீதும் கேட்பதில்லை. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

மகள் விஷயத்தில் சாந்தோம்அலை சொல்வதை நான் அடியோடு மறுக்கிறேன். திடப்படுத்தல் என்பதே, சின்ன வயதில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பெற்றோர் சொன்ன வாக்கைப் பிள்ளை தன் வாயால் தானே சொல்வதற்காக வைத்த சடங்கு. அவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுதான் மாட்டேன் என்கிறாள். அந்த வரிகளைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்த பிள்ளை அந்த வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? மனதில் இல்லாததைச் சபை முன்னால் சொல்லிவிட்டு வா, பாட்டி சந்தோஷப்படுவார் என்று நாம் சொன்னால், நம்பிக்கையைப் பற்றி அவள் முதலில் கற்றுக்கொள்வதே பொய் சொல்லலாம் என்பதாகத்தான் இருக்கும்.

கல்யாணத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேரைச் சபையிலும் ஜமாஅத்திலும் ஊர்க்கோவிலிலும் பிடித்து வைத்திருப்பதே இந்தப் பயம்தான். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் 1967இல் வந்தது, ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த பிரிவு, மணமக்கள் இருவரும் அந்தச் சட்டத்தின்படி இந்துவாக இருந்தால்தான் செல்லும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வழி 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் எதுவாக இருந்தாலும், இல்லாவிட்டாலும் பதிவாளர் முன்னால் மணம் முடிக்கலாம். 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், அது மட்டும் தொல்லை. சொத்து வாரிசுரிமை என்று பார்த்தால், கிறிஸ்தவர்களுக்கு இப்போதே 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், சிறப்புத் திருமணம் செய்தாலும் அதேதான். ஒன்றும் கைவிட்டுப் போகாது. பள்ளிப் படிவத்தில் சாதி மதக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973இலேயே அரசாணை இருக்கிறது, 2000இல் மறுபடியும் தெளிவுபடுத்தினார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் சாதியும் மதமும் இல்லை என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். எனக்கு மதம் இல்லை என்று சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு, அரசு யாரையும் மதம் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்துக்கும் நான் ஒரு வழி சொல்வேன். என் அப்பா உடலை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். பகுத்தறிவாளர் ஆப்ரகாம் கோவூரும் அப்படித்தான் செய்தார். அவர் திருவல்லாவில் மார்த்தோமா சபையின் மூத்த குருவானவர் ஒருவரின் மகன். இலங்கையில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர், அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்டவர், 1978இல் இறந்தபோது கண்ணும் உடலும் தானம். குருவானவர் வீட்டில் பிறந்தவருக்கும் இது முடிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

விசுவாசம் நிலைக்குமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வது நியாயமில்லை. உள்ளே இருந்து நம்புகிறவர்கள் சொல்லட்டும்.

---

பனங்கிழங்கு:

நொய்யல்கரை தம்பி, நன்றி. சட்டம் இவ்வளவு விவரமாக எனக்குத் தெரியாது.

சாந்தோம்அலை, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் கல்யாணக் கடிதத்துக்காகத் திடப்படுத்தல் வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நான் திடப்படுத்தல் எடுத்தபோது பேராயர் தலையில் கை வைத்ததும் உடம்பு நடுங்கியது, முதல் திருவிருந்து எடுத்துவிட்டு வந்து மண்டியிட்டு அழுதேன். அது எனக்கு நிஜம். அதை ஒரு சான்றிதழ் வேலையாக என் மகளுக்கு நானே ஆக்கிக் கொடுத்தால், எனக்குக் கிடைத்ததையும் சேர்த்து மலிவாக்குகிறேன்.

---

செம்மண்தேரி:

சங்கக் காணிக்கை, அசனம் என்று நீங்கள் எழுதியதிலேயே நம் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்.

முதலில் உங்கள் அம்மா ஏன் அழுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எபிரெயர் நிருபம் வாயில் வருகிறது, ஆனால் அந்த அழுகை அதற்கும் கீழே இருந்து வருகிறது என்று நினைக்கிறேன். நம் கொள்ளுப்பாட்டிகள் காலத்தில் இந்தத் தேரிக்காட்டில் பனையேறிக் குடும்பத்துப் பெண் எந்த நிலையில் இருந்தாள்? பக்கத்துத் திருவிதாங்கூரில் மேலாடை போடுவதற்கே பல பத்தாண்டுகள் அடியும் கலவரமுமாகப் போராடி, 1859இல்தான் நாடார் பெண்கள் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு அறிக்கை வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு எழுத்தைக் காட்டியது மிஷன் பள்ளிக்கூடம். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா சரிகைப் பின்னல் சொல்லிக் கொடுத்து, பெண்கள் கையில் சொந்தக் காசு வர வைத்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதுதான் பல குடும்பங்களில் ஒரு பெண்ணின் பெயர் எழுத்தில் வந்த முதல் தடவை. அந்த நன்றி அம்மா பாட்டி வழியாக இறங்கி வந்திருக்கிறது. நீங்கள் சபையை விடுகிறேன் என்று சொல்லும்போது, தங்களை நிமிர வைத்ததை மகள் உதறுகிறாள் என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். இதை அம்மாவிடம் வாய்விட்டுப் பேசுங்கள், வசனத்துக்கு வசனம் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

அதற்காகச் சபை செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் பாக்கி கேட்பது பாவம், பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். தேர்தல், அணி, வழக்கு, சொத்து என்று போய், சி.எஸ்.ஐ. நிர்வாகத்தைக் கவனிக்க உயர் நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கிற நிலைமை வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அமைப்போடு மோதியவர்கள் நம் ஊரில் புதிதா? ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஜெர்மானிய மிஷனரி. ஊர் ஊராகச் சபைகளை எழுப்பியவர். ஆங்கிலத் திருச்சபையின் முறைமைகளை எழுத்தில் விமரிசித்தார், உபதேசியார்களை (குருப்பட்டம் பெறாத உள்ளூர்ச் சபை ஊழியர்களை) தாமே குருவாக்கலாம் என்றார். அவரை அனுப்பிய ஆங்கிலேய மிஷன் அமைப்பான சி.எம்.எஸ். சங்கம் 1835இல் அவரை விலக்கியது. உபதேசியார்களும் சபைகளும் திரளாக அவர் பின்னால் போனார்கள். 1838இல் அவர் இறந்தார், பெரும்பாலோர் பழைய சங்கத்துக்கே திரும்பினார்கள்.

இன்னொருவர் அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என்றால்தான் தெரியும். நம் பக்கத்து நாசரேத் வட்டாரத்து உபதேசியார். வேதத்தில் கரைகண்டவர். அங்கிருந்த மிஷனரியோடு முட்டிக்கொண்டது. 1849இல் சாணார்களைப் (நாடார்களை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) பற்றிக் கால்டுவெல் எழுதிய புத்தகத்தில் நம் ஆட்களை இழிவாகச் சொன்னது அவருக்குப் பொறுக்கவே இல்லை. 1857இல் வெள்ளைக்காரச் சபை வேண்டாம் என்று இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கிவிட்டார். கிறிஸ்துவை விடவில்லை, கவனியுங்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், புளிக்காத திராட்சரசம், சாம்பிராணி என்று பழைய ஏற்பாட்டையும் நம் வழக்கத்தையும் வைத்து ஆராதனையை அமைத்தார்கள். அந்தச் சபை இன்னும் இருக்கிறது. அதற்கும் ஒழுங்கு, பொறுப்பாளர், கணக்கு என்று எல்லாம் வந்தது.

ஆக, விசுவாசம் உள்ளவர்கள் அமைப்பை விட்டு வெளியே போனாலும், பத்துப் பேர் சேர்ந்து பாட ஆரம்பித்ததும் மறுபடி ஒரு அமைப்பு முளைக்கிறது, அதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. தனியாக ஒருத்தி ஜெபித்துக்கொண்டே இருக்க முடியும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் வாயில் வருகிறது என்று சொன்ன 23ஆம் சங்கீதத்தை உங்களுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது யார்? ஓய்வுநாள் பள்ளியில் ஏதோ ஒரு அக்கா. உங்கள் மகளுக்கு அதை யார் கொடுப்பார்கள் என்று மட்டும் யோசியுங்கள். நீங்களே கொடுக்கலாம், வீட்டிலேயே. திடப்படுத்தலுக்கு அவசரம் இல்லை, 30 வயதில் எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போய் நிறுத்தாதீர்கள்.

---

வைகறை:

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் காணிக்கைக்குப் பதில் ஜமாஅத் சந்தா, மற்றபடி எல்லாம் அதேதான். சந்தா பாக்கி இருந்தால் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு) வராது, மையவாடிக்கும் (அடக்கத்தலத்துக்கும்) பேச்சு வரும்.

என் மணவிலக்கு ஜமாஅத்தில்தான் பேசப்பட்டது. பள்ளிவாசலை ஒட்டிய அலுவலகத்தில் ஆண்கள் உட்கார்ந்து பேசினார்கள், எனக்கு உள்ளே இடமில்லை. என் தம்பி போய் எனக்காகப் பேசினான், அவனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் தெருவில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு தாளில் எழுதி முடித்து, கையெழுத்துக்கு மட்டும் ஆட்டோ ஜன்னல் வழியாக நீட்டினார்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் தொழவில்லை. அடுத்த நாளும் இல்லை. அப்புறம் ஒரு தோழி குர்ஆனின் 58ஆவது சூராவை (அத்தியாயத்தை) எடுத்துக் கொடுத்துப் படி என்றாள். கணவன் தன்னை ஒதுக்கிவிட்ட வழக்கோடு கவ்லா என்ற பெண் நபி ஸல் அவர்களிடமே வந்து வாதாடுகிறார், விடாமல் வாதாடுகிறார். அந்தப் பெண்ணின் பேச்சை அல்லாஹ் கேட்டான் என்றுதான் அந்த சூராவே தொடங்குகிறது. எங்கள் ஊர் ஜமாஅத் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் தொழுகிற ரப்பு, என் இறைவன், கேட்டான். அவர்களுக்காக நான் ஏன் இவனை விட வேண்டும்? அன்று ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழுதேன், அதற்குப் பிறகு விடவில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், நிலைக்கும் என்பதுதான். எனக்கு நிலைத்திருக்கிறது. ஆனால் செம்மண்தேரி ஐயா சொல்வதில் ஒரு பாதியை நானும் ஏற்கிறேன், ஒருத்தியாக இருப்பது கஷ்டம். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அக்கா பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை உண்டாக்கினார்கள், தலாக், ஜீவனாம்சம், வரதட்சணை என்று வருகிற பெண்கள் தாங்களே உட்கார்ந்து பேசுவதற்கு. பெண்களுக்குப் பள்ளிவாசல் கட்டுவேன் என்று அவர்கள் சொன்னபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது! மார்க்கத்தை விட்டுவிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை, மார்க்கத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று கேட்டுச் செய்தார்கள். முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017இல் செல்லாது என்று சொன்னதற்கும் பின்னால் வழக்குப் போட்ட முஸ்லிம் பெண்கள்தான் இருந்தார்கள்.

மகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று எங்கள் வேதம் நேராகவே சொல்கிறது, 2:256. அவள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் அவள் கால்களால் நடந்து போய்ச் சேரட்டும்.

---

கிழக்குத்தெரு:

எல்லாரும் விடுவதா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். விட்டுப் போவதற்கும் ஒரு வசதி வேண்டும், அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நாங்கள் தலித் கத்தோலிக்கர். எங்கள் ஊரில் கல்லறை இரண்டு, ஒன்று மற்ற சாதிக் கத்தோலிக்கர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. திருச்சி மேலப்புதூர் கல்லறைக்கு நடுவில் சாதிக்காகச் சுவர் இருப்பது நாடறிந்த விஷயம், எங்கள் ஊரில் சுவர்கூடத் தேவைப்படவில்லை, வாய்க்கால் போதுமானதாக இருந்தது. திருவிழாவில் தேர் பவனி எங்கள் தெரு முனை வரைக்கும் வரும், அங்கிருந்து திரும்பிவிடும். அம்மா தெரு முனையில் மெழுகுவர்த்தியோடு நிற்பார், பக்கத்தில் நான். மாதாவின் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கத்திலும் இதே கதை. 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும், பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்கு பி.சி. என்று சான்றிதழ். கோயிலுக்குள் போனால் நாங்கள் தலித், தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால் தலித் இல்லை. மதம் எங்கள் வீட்டில் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருந்ததே கிடையாது. என் சித்தப்பா பிள்ளைகள் இருவர் படிப்புக்காகவே இந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் அந்தோணியார் படத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்களைப் போலி என்று சொல்லுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. எப்போது போனது என்று குறிப்பாகச் சொல்லத் தெரியாது. பூசைக்குப் போவதில்லை. ஆனால் தேர் எங்கள் தெருவுக்குள் வர வேண்டும் என்று பங்குச்சாமியிடமும் ஆயர் இல்லத்திலும் மனுக் கொடுத்த கூட்டத்தில் நான்தான் முன்னால் நின்றேன். நம்பிக்கை இல்லாத உனக்கு மாதா எந்தத் தெருவுக்குப் போனால் என்ன என்று கேட்டார்கள். பெரியார் 1924இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று இரண்டு முறை ஜெயிலுக்குப் போனாரே, சாமி கும்பிடவா போனார்? என் அம்மா நம்புகிறார். என் அம்மா தெரு முனையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவ்வளவுதான் எனக்கு.

அதனால் உங்கள் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது, ஜெபிப்பதா வேண்டாமா என்பது உங்களோடு முடிகிற காரியம், அதை எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்லறைச் சாவி அந்தக் கமிட்டிக்காரர் கையில் இன்னும் இருக்கிறது. அடுத்து ஒரு ஏழை வீட்டில் சாவு விழுந்தால், அப்போதே பணம் எடுத்துக் கொடுக்க உங்கள் அண்ணனைப் போல ஒரு அண்ணன் இருக்க மாட்டார்.

---

பனங்கிழங்கு:

எல்லோருக்கும் நன்றி. கிழக்குத்தெரு எழுதிய கடைசி வரிகளுக்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எங்கள் அனுபவத்தை எங்கள் வீட்டுக் காயமாக மட்டுமே வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் பேசினேன், செம்மண்தேரி ஐயா சொன்ன மாதிரி வசனம் எதையும் எடுக்காமல். அவர்களுடைய ஆத்தா மிஷன் போர்டிங்கில் படித்த கதையை அம்மாவே சொன்னார்கள், மகளும் உட்கார்ந்து கேட்டாள். திடப்படுத்தல் இந்த வருஷம் இல்லை என்று முடிவாகிவிட்டது. அம்மா முழு மனதோடு சம்மதிக்கவில்லை, அடுத்த வருஷம் கேட்பேன் என்றார்கள், கேளுங்கள் பாட்டி என்றாள் மகள். அந்தப் பென்சில் குறிப்புத் தாளை இவள் பாட்டியிடமே காட்டினாள், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, கன்னிமரியாள் வரி பற்றி அவர்களுக்கும் சின்ன வயதில் கேள்வி இருந்தது என்றார்கள். எனக்கு இது புதிய செய்தி.

நான் கோயிலுக்குத் திரும்பப் போகிறேனா என்றால், இப்போது இல்லை. ஜெபம் இருக்கிறது, வைகறை தங்கை எழுதியதைப் படித்த பிறகு அதைப் பற்றிய சந்தேகமும் குறைந்திருக்கிறது.

செம்மண்தேரி ஐயாவிடம் ஒரு கேள்வி. சாவு வீட்டில் காணிக்கைப் பாக்கி கேட்கக் கூடாது, அடக்கத்தைத் தடுக்கக் கூடாது என்று சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வழி உண்டா? நான் காணிக்கை கட்டாதவள், எனக்குப் பேச உரிமை இல்லை என்பார்கள். அண்ணன் பாக்கியெல்லாம் தீர்த்து ஊரில் உறுப்பினராகவே தொடர்கிறார், அவருக்குச் சம்மதம்.

---

செம்மண்தேரி:

உண்டு. அண்ணன் பெயரில் எழுத்து மூலமாக, சபைக் கூட்டத்துக்கு முன்பே சேகரத் தலைவரிடம் (வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான குருவானவரிடம்) கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் குறிப்பேட்டில் ஏறாது. தனியாகக் கொடுக்க வேண்டாம், காணிக்கை பாக்கி இல்லாத நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு விதவைத் தாயாவது இருக்கட்டும். பாக்கியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள், அடக்கம் முடிந்து முப்பது நாள் கழித்துத்தான் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேளுங்கள், எதிர்ப்பதற்கு அவர்களுக்குக் காரணம் கிடைக்காது. எங்கள் சபையிலும் இதே தீர்மானத்தை நான் கொடுக்கப்போகிறேன், வாசகத்தை எழுதி இங்கேயே போடுகிறேன்.